அகராதியில் இருந்தும் அகப்படாத சொற்கள்: ஓடும் நிரலில் மாறிகளைப் பார்த்தறிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பைத்தானில் எழுதிய ஒரு சிறிய சொல்லடைவு நிரல். ஒரு ஃபோல்டர் நிறையக் கட்டுரைக் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு தலைச்சொல். நிரல் முதலில் அந்தப் பெயர்களை எடுத்து ஒரு டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை) சாவிகளாக வைக்கும். கோப்பின் முதல் பத்தியை அந்தச் சாவிக்கான விளக்கமாக வைத்துக்கொள்ளும். அப்புறம் வெளியிலிருந்து வரும் உரைகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் டிக்ஷனரியில் தேடும். கிடைத்தால் விளக்கத்தை இணைக்கும். கிடைக்காவிட்டால் ‘விடுபட்டவை’ என்ற பட்டியலில் போட்டுவிடும்.

சிக்கல் அந்தப் பட்டியலில்தான். கொடி, கோபுரம், தோணி, போர் என்று ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கும் சொற்களெல்லாம் அங்கே வந்து நின்றன. கடல், மலை போன்றவை பெரும்பாலும் சரியாகக் கிடைத்தன. ஆனால் ‘பெரும்பாலும்’தான், சில உரைகளில் கடலும் காணாமல் போனது. எந்த எர்ரரும் இல்லை, நிரல் ஒழுங்காக ஓடி முடிந்தது. தேடலுக்கு ‘கெட்’ முறையைப் பயன்படுத்தியிருந்ததால், சாவி இல்லாதபோது கத்தாமல் வெற்று மதிப்பைத் திருப்பிக் கொடுத்து நகர்ந்துவிட்டது. சதுர அடைப்புக்குறி போட்டுத் தேடியிருந்தால் கிடைக்காத முதல் சொல்லிலேயே ‘கீ எர்ரர்’ வந்து நிரல் நின்றிருக்கும்.

நிரலை எழுதிய நண்பர் அதை என்னிடம் கொண்டுவரும்போது சொன்னது இவ்வளவுதான்: “ரெண்டையும் பிரிண்ட் பண்ணிப் பார்த்தாச்சு, ஒரே சொல்தான். ஆனா சமம் இல்லைங்குது.”

பிரிண்ட் காட்டுவது எது

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாக்கியம்தான். ஒரு மாறியைப் பிரிண்ட் செய்யும்போது நாம் மாறியைப் பார்ப்பதில்லை. பைத்தான் அந்த மதிப்பை ‘ஸ்ட்ர்’ வழியாக மனிதர் படிப்பதற்கான எழுத்தாக மாற்றுகிறது. அதை டெர்மினல் வாங்கி, எழுத்துரு கொண்டு வரைகிறது. இத்தனை கை மாறி வந்த படத்தைத்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு கையும் எதையாவது மறைக்கலாம். 10 என்ற எண்ணும், 1, 0 என்ற இரண்டு குறிகள் கொண்ட ஸ்ட்ரிங்கும் (எழுத்துச் சரம்) திரையில் ஒன்றேதான். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

எனவே முதல் வேலையாகப் பிரிண்ட் வரிகளில் ‘ரெப்ர்’ சேர்த்தோம். மதிப்பை நிரலுக்குள் எழுதுவதுபோல, மேற்கோள் குறியோடு காட்டும் வடிவம் அது. பைத்தான் 3.8 முதல், மாறிகளை உள்ளே பொதிந்து எழுதும் எஃப்-ஸ்ட்ரிங்கில் மாறியின் பெயருக்குப் பின்னால் ஒரு சமக்குறி போட்டாலே போதும். பெயர், சமக்குறி, ரெப்ர் வடிவம் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். அது 2019இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் மாறியை ஒரு லிஸ்ட்டுக்குள் போட்டுப் பிரிண்ட் செய்யலாம். லிஸ்ட் தன் உறுப்புகளை எப்போதும் ரெப்ர் வடிவில்தான் காட்டும்.

பலன் உடனே கிடைத்தது. காணாமல் போன ‘கடல்’ சிலவற்றில், மேற்கோள் குறிக்கும் ‘க’வுக்கும் நடுவே பின்சாய்வுக் கோட்டோடு ஒரு குறியீடு எட்டிப் பார்த்தது. ஒன்று, எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் 8203ஆம் குறி, அதாவது அகலமே இல்லாத இடைவெளி. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரைகளில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்று 65279, சில எடிட்டர்கள் கோப்பின் தலையில் வைக்கும் பைட் வரிசைக் குறி. அது ஒவ்வொரு உரையின் முதல் சொல்லை மட்டும் கெடுத்திருந்தது. அதனால்தான் ஒரே சொல் ஒரு உரையில் கிடைத்து இன்னொன்றில் கிடைக்காமல் போனது.

“ஆனா ஸ்ட்ரிப் போட்டிருக்கேனே” என்றார் நண்பர். போட்டிருந்தார்தான். ஸ்ட்ரிப் நீக்குவது, இரு முனைகளிலும் பைத்தான் இடைவெளி என்று கருதும் குறிகளை மட்டும். வரி உடையாத இடைவெளியான 160ஐக்கூட அது நீக்கிவிடும். ஆனால் 8203ம் 65279ம் யூனிகோடு கணக்கில் இடைவெளி வகை அல்ல, வடிவமைப்புக் குறி வகை. ஸ்ட்ரிப் அவற்றைத் தொடாது. வடிவமைப்புக் குறி என்பதாலேயே ரெப்ர் அவற்றை எண்ணாக உரித்துக் காட்டியது. 65279க்குத் தீர்வு எளிது: கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்பதற்குப் பதிலாக ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் பைத்தானே தலைக்குறியை விழுங்கிவிடும். 8203ஐச் சொல்லின் இரு முனைகளிலும் நீக்கினோம்.

கடலும் மலையும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டன. கொடியும் கோபுரமும் வரவில்லை.

ரெப்ரும் கைவிட்ட இடம்

மாறியைச் சரியாகப் பார்க்க வேண்டுமா, ரெப்ர் போடு என்பது பைத்தான்காரர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை. நானும் சொல்வேன். ஆனால் இங்கே இரண்டு ‘கொடி’களின் ரெப்ர் வடிவமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. குறியீடு ஏதும் எட்டிப் பார்க்கவில்லை. சமமா என்று கேட்டால் மட்டும் பைத்தான் ‘ஃபால்ஸ்’ என்றது.

இந்தக் கட்டத்தில் பிரிண்ட் வரிகளை விட்டுவிட்டு, பிழை தேட உதவும் கருவியான டீபக்கருக்குப் போனோம். பிரிண்ட் ஒரு கேள்விக்கு ஒரு பதில் தரும். அடுத்த கேள்விக்கு நிரலைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். டீபக்கரில் நிரலை நிறுத்திவைத்து, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகலாம். 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல் இதற்கு எதையும் இம்போர்ட் செய்யக்கூட வேண்டாம். ‘பிரேக்பாயின்ட்’ என்ற உள்ளமைந்த ஃபங்ஷனை அழைத்தால் போதும், பைத்தானோடு வரும் டீபக்கரான பிடிபி திறந்துகொள்ளும். சூழல் மாறியில் ‘பைத்தான்பிரேக்பாயின்ட்’ என்பதற்கு 0 கொடுத்தால் நிரலில் உள்ள அத்தனை பிரேக்பாயின்ட்டும் ஒரேயடியாக ஊமையாகிவிடும்.

ஆயிரக்கணக்கான சொற்கள் ஓடும் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தினால் வேலை ஆகாது. தேடும் ஃபங்ஷனுக்குள், சொல் டிக்ஷனரியில் இல்லை என்றால் மட்டும் பிரேக்பாயின்ட்டை அழைக்கும்படி ஒரு ‘இஃப்’ வைத்தோம். நிரல் ஓடி, ‘கொடி’யில் வந்து நின்றது.

அங்கே கேட்ட கேள்விகள் வரிசையாக இவை. இந்த மதிப்பின் டைப் என்ன? ஸ்ட்ரிங். டிக்ஷனரியில் ‘டி’யில் முடியும் சாவிகள் எவை? அவற்றில் ‘கொடி’ இருந்தது. அதன் டைப்பும் ஸ்ட்ரிங்தான். சரி, நீளம்? உரையிலிருந்து வந்த கொடிக்கு 4. சாவியாக இருந்த கொடிக்கு 5.

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீளமே வேறு என்றால் இவை இரண்டு வேறு ஸ்ட்ரிங்குகள். இனி எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் பாக்கி. ஒவ்வொரு குறிக்கும் ‘ஆர்ட்’ போட்டு எண்களாக வரிசைப்படுத்தினோம்.

உரையில்: 2965, 3018, 2975, 3007

சாவியில்: 2965, 3014, 3006, 2975, 3007

2965 என்பது ‘க’. 2975 ‘ட’, 3007 இகரக் குறி. நடுவில்தான் வித்தியாசம். உரையில் ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருக்கிறது. சாவியில் அது இரண்டு துண்டு: எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு 3014, பின்னால் வரும் கால் 3006. கையால் ‘கொ’ எழுதும்போது இடப்பக்கம் ஒரு கொம்பும் வலப்பக்கம் ஒரு காலும் போடுகிறோமே, அந்த இரண்டும் தனித்தனி எண்ணாக நின்றன.

யூனிகோடு இந்த இரண்டு வடிவங்களையும் ஏற்கிறது. இரண்டும் ஒரே எழுத்துதான், ஒன்றுபோலவே தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஓகாரக் குறி 3019ம் இப்படியே 3015ஆகவும் 3006ஆகவும் பிரியும். ஔகாரக் குறி 3020 பிரிந்தால் 3014, 3031. ஆக, காணாமல் போன சொற்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் ஒன்று இருந்தது. கொடி, கோபுரம், தோணி, போர். பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒன்றுகூட இதற்கு விலக்கில்லை. கடலும் மலையும் கூடவே கலந்து கிடந்ததால்தான் இந்த ஒழுங்கு முதலில் கண்ணில் படவில்லை.

ரெப்ர் ஏன் காட்டவில்லை என்பதும் இங்கே தெளிவாகிறது. அச்சிட முடியாதவை என்று பைத்தான் கருதும் குறிகளை மட்டுமே ரெப்ர் எண்ணாக மாற்றும். கொம்பும் காலும் அச்சிடக்கூடிய குறிகள், அப்படியே விட்டுவிட்டது. ‘ஆஸ்கி’ என்று இன்னொரு உள்ளமைந்த ஃபங்ஷன் இருக்கிறது. ஆங்கிலத் தட்டச்சுக்குள் அடங்காத எல்லாவற்றையும் அது எண் குறியீடாகக் கொட்டிவிடும். படிக்க அழகாக இருக்காது, ஆனால் எதையும் மறைக்காது. தமிழ் உரையைக் கையாளும் நிரல்களின் லாகில் (ஓட்டப் பதிவில்) சந்தேகத்துக்குரிய மதிப்புகளை ஆஸ்கி வடிவில் எழுதுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மற்ற ஸ்கிரிப்ட் மொழிகளிலும் இதே கதைதான், கருவிகளின் பெயர் மட்டும் வேறு. பிஎச்பியில் ‘பிரின்ட்_ஆர்’ ஃபால்ஸையும் ‘நல்’ என்ற வெற்று மதிப்பையும் வெற்றிடமாகவே காட்டும்; ‘வார்_டம்ப்’ டைப்பையும் ஸ்ட்ரிங்கின் பைட் நீளத்தையும் கூடவே சொல்லும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், நம்முடைய இரண்டு கொடிகளும் அங்கே 12 என்றும் 15 என்றும் முதல் பார்வையிலேயே பிரிந்து நின்றிருக்கும். ரூபியில் ‘டம்ப்’ முறை ஆஸ்கியின் வேலையைச் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட்டில் வேறொரு எச்சரிக்கை தேவை: பிரவுசர் கன்சோலில் ஒரு ஆப்ஜெக்ட்டை லாக் செய்துவிட்டுப் பிறகு விரித்துப் பார்த்தால், லாக் செய்த நொடியில் இருந்த நிலையைக் காட்டாது, விரித்த நொடியில் இருக்கும் நிலையையே காட்டும்.

பார்த்ததாலேயே மாறிப்போனது

நடுவே ஒரு மணி நேரம் திசைமாறிப் போனதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது யாருக்கும் நேரக்கூடியது.

உரையைச் சொற்களாகப் பிரிக்கும் ஃபங்ஷன் ஒரு ஜெனரேட்டர். கேட்கக் கேட்க ஒவ்வொரு சொல்லாக ‘யீல்ட்’ செய்யும், அதாவது எடுத்துக் கொடுக்கும். அதில் என்னதான் வருகிறது என்று பார்க்க, லூப்புக்கு முந்தைய வரியில் அந்த ஜெனரேட்டரை லிஸ்ட்டாக மாற்றிப் பிரிண்ட் செய்தார் நண்பர். சொற்கள் அழகாக வரிசையில் வந்தன. அதற்குமேல் ஆச்சரியம்: விடுபட்டவை பட்டியல் காலியாக இருந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது போலிருந்தது.

தீரவில்லை. ஜெனரேட்டர் ஒரு முறைதான் ஓடும். லிஸ்ட்டாக மாற்றியபோது அது கடைசிவரை ஓடித் தீர்ந்துவிட்டது. அடுத்து வந்த லூப்புக்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை. ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், எர்ரரும் தராமல் முடிந்தது. தேடாததால் விடுபட்டவையும் இல்லை. இணைத்த விளக்கங்களின் பட்டியலும் காலி என்பதைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. திறந்த கோப்பு, மேப், ஜிப், ஃபில்டர் தரும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே குணம் உண்டு.

ஜெனரேட்டரை நகர்த்தாமல் உள்ளே பார்க்க வழி இருக்கிறது. ‘இன்ஸ்பெக்ட்’ மாட்யூலில் ‘கெட்ஜெனரேட்டர்லோக்கல்ஸ்’ என்ற ஃபங்ஷன், நின்றுகொண்டிருக்கும் ஜெனரேட்டருக்குள் அந்த நொடியில் எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்று ஒரு டிக்ஷனரியாகத் தரும். ‘கெட்ஜெனரேட்டர்ஸ்டேட்’ அது இன்னும் தொடங்கவில்லையா, இடையில் நிற்கிறதா, முடிந்துவிட்டதா என்று சொல்லும். இரண்டுமே ஒரு சொல்லைக்கூடச் செலவு செய்யாது.

பிடிபியில் இருக்கும்போது இன்னொரு சின்ன விஷயம். மாறிக்கு ‘என்’, ‘சி’ போன்ற ஓரெழுத்துப் பெயர் வைத்திருந்து, மதிப்பைப் பார்க்கலாமே என்று அதை மட்டும் அடித்தால், பிடிபி அதைத் தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்கோ, அடுத்த பிரேக்பாயின்ட் வரைக்குமோ (அது இல்லையென்றால் நிரல் முடியும் வரைக்குமோ) ஓடிவிடும். முன்னால் ‘பி’ போட்டுக் கேட்பதே பாதுகாப்பு.

மதிப்பு பிறந்த இடம்

துண்டாகிப்போன கொடி எங்கிருந்து வந்தது? பிடிபியில் ‘அப்’ கொடுத்து அழைத்த ஃபங்ஷனுக்கு ஏறிப் பார்த்தால் உரைப் பக்கம்தான் இருந்தது. அங்கே எல்லாம் 4 நீளம், ஒழுங்காக. டிக்ஷனரி முன்பே கட்டி முடிக்கப்பட்டது, அதைக் கட்டிய ஃபங்ஷன் இப்போது அழைப்பு அடுக்கில் இல்லை. ஆகவே இரண்டாவது பிரேக்பாயின்ட் அந்தக் கட்டும் ஃபங்ஷனில் வைத்தோம், கோப்புப் பெயர்களை ‘லிஸ்ட்டிர்’ கொண்டுவந்த வரிக்கு அடுத்து. வந்து விழுந்த அந்த நொடியிலேயே, நிரல் எதுவும் செய்வதற்கு முன்பே, பெயர் ஏற்கெனவே துண்டாக இருந்தது. நிரலின் மற்ற எல்லா வரிகள்மேலும் இருந்த சந்தேகம் அதோடு விலகியது.

நண்பரிடம் விசாரித்ததில் மிச்சக் கதை தெரிந்தது. அந்த ஃபோல்டர் ஒரு பழைய மேக் கணினியில் உருவானது. ஜிப் செய்து லினக்ஸ் சர்வருக்கு வந்தது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயரில் வரும் கூட்டுக் குறிகளைத் துண்டாக்கித்தான் சேமிக்கும். 2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் உள்ள கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெயரின் பைட்டுகளைத் தொடுவதே இல்லை. அதனால் மேக்கில் துண்டான பெயர்கள் இங்கும் துண்டாகவே தங்கிவிட்டன.

தீர்வு: ‘யூனிகோடுடேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனை, துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற முறையோடு அழைப்பது. 3014, 3006 என்ற இணை 3018 ஆகிவிடும். இதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டியிருந்தது. லிஸ்ட்டிர் தந்த பெயரை வாங்கியவுடன் நார்மலைஸ் செய்தால், அடுத்த வரியில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது ‘கோப்பு இல்லை’ என்று வரும். உண்மைதானே, லினக்ஸ் வட்டில் இருப்பது துண்டான பெயர். சேர்த்த பெயரில் அங்கே எதுவும் இல்லை. எனவே இரண்டு மாறிகள் வைத்தோம். திறப்பதற்கு வந்தபடியே உள்ள பாதை. சாவிக்கு நார்மலைஸ் செய்த சொல். உரைப் பக்கமும் சொற்பிரிப்புக்கு முன்பே ஒரு முறை நார்மலைஸ் செய்யும்படி ஆயிற்று.

இந்த வேளையில் தெரிந்துகொண்ட, எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அப்படி வைக்கும் பெயர்களைப் பைத்தான் நிரலைப் படிக்கும்போதே, என்எஃப்சி போலவே துண்டுகளைச் சேர்க்கும் என்எஃப்கேசி முறையில் சேர்த்துவிடுகிறது. ஆக, ‘தொகை’ என்ற மாறியை ஒரு வரியில் சேர்ந்த ஒகரத்தோடும் இன்னொரு வரியில் துண்டான ஒகரத்தோடும் எழுதினாலும் அது ஒரே மாறிதான். ஆனால் மேற்கோள் குறிக்குள் எழுதும் ஸ்ட்ரிங்கை அது தொடுவதில்லை. நடப்பு மாறிகளைப் பெயரோடு தரும் ‘லோக்கல்ஸ்’ டிக்ஷனரியில் துண்டான ‘தொகை’யைச் சாவியாகக் கொடுத்துத் தேடினால் கீ எர்ரர் வரும், மாறியாக அழைத்தால் மதிப்பு வரும். பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஒரு பொருளின் பண்பை எடுக்கும் ‘கெட்ஆட்டர்’ போடும்போதும் இதே நிலைதான். தமிழ்ப் பெயர்களைச் ஸ்ட்ரிங்காக வாங்கி மாறிகளைத் தேடும் கருவி எழுதுபவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தீராமல் நிற்பவை

திருத்திய நிரலில் கொடி, கோபுரம் வகையறா எல்லாம் கிடைத்துவிட்டன. ‘கெட்’ இருந்த இடத்தில் இப்போது சாவி இல்லாதபோது சொல்லின் ஆஸ்கி வடிவத்தை லாகில் எழுதும் சில வரிகள் இருக்கின்றன. அந்த லாகில்தான் நார்மலைஸுக்கும் எட்டாத இரண்டு வகைகள் பிறகு தென்பட்டன.

ஒன்று, ‘கௌரவம்’. பலர் ஔகாரக் குறியை அடிக்காமல் கொம்பு, அப்புறம் ‘ள’ என்ற முழு எழுத்து என்று அடிக்கிறார்கள். பல எழுத்துருக்களில் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘ள’ 2995, குறியின் வால் 3031. யூனிகோடு பார்வையில் இவை வேறு வேறு எழுத்துகள், எந்த நார்மலைஸும் சேர்க்காது. இன்னொன்று ஸ்ரீ. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் ‘ஶ’ என்ற எழுத்து 2998 என்ற எண்ணோடு சேர்ந்தது. அதற்கு முன் எல்லோரும் ‘ஸ’ 3000ஐ வைத்தே ஸ்ரீ எழுதினார்கள். இரண்டு வகையும் இன்று புழக்கத்தில் உண்டு, பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைகின்றன.

இவற்றுக்கு நண்பர் ஒரு சிறிய மாற்று அட்டவணை எழுதி, தேடலுக்கு மட்டும் பயன்படுத்துகிறார். மூல உரையில் கைவைப்பதில்லை. 8204ஆம் குறியை, அதாவது எழுத்துகளை ஒட்டவிடாமல் தடுக்கும் குறியை, ஒட்டுமொத்தமாக நீக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ‘க்’கும் ‘ஷ’வும் சேர்ந்து ‘க்ஷ’ ஆகிவிடாமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று எழுதியவரே அதை வேண்டுமென்று வைத்திருக்கலாம். இப்போதைக்கு அந்தக் குறி வரும் சொற்கள் லாகில் தனியாகச் சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.